கை நனைக்காமல் பார்த்த பாண்டி

பாண்டிச்சேரிக்கு நான் படம் பார்க்கவும் போகவில்லை, பாட்டுக் கேட்கவும் போகவில்லை. மகளைக் கட்டிக்கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கப் போனேன். படமும் பாட்டும் தாமாக வந்து என் தலையில் விழுந்தன.

என் கடைசி மகள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். முப்பத்தொரு வயது. அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பையனைப் பிடித்துப்போய்விட்டது. பையனைக் குறை சொல்ல எனக்கும் ஒன்றும் அகப்படவில்லை, தேடித்தான் பார்த்தேன். அவளுக்கு அப்பா இல்லை. என் வார்த்தை ஒன்றுதான் பாக்கி. "நீ சரின்னு சொல்லலன்னா நான் இப்புடியே இருந்துடறேம்மா" என்று ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே சொன்னாள். மிரட்டவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

பையனின் அப்பா போனில் கூப்பிட்டார். காலேஜில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். "சனிக்கிழமை வாங்க மேடம். ஓவியக் கூடம் பார்ப்போம், நம்ம ஊர்ச் சாப்பாடு சாப்பிடுவோம், சாயங்காலம் ஒரு கச்சேரி. அப்படியே பேசிப் பழகலாம்" என்றார். என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் ரோட்டோர மரங்களுக்குத் தண்ணீர் விடுகிற கான்ட்ராக்ட் வேலையில் பதினெட்டு வருஷம் இருந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த மரியாதையெல்லாம் "யம்மா ஓஸு, அந்தாண்ட புடி" என்பதுதான்.

போனை வைத்த பிறகு யோசித்தேன். அவர் சொன்னதில் ஓவியம் இருந்தது, சாப்பாடு இருந்தது, கச்சேரி இருந்தது. வீடு மட்டும் இல்லை. பெண்ணைப் பெற்றவளை ஊரெல்லாம் சுற்றிக் காட்டுகிறவருக்குத் தன் வாசற்படியைக் காட்ட மட்டும் நேரமில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மகளிடம் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசி முடிகிற வரைக்கும் ஒரு வீட்டார் போடுகிற சோற்றில் இன்னொரு வீட்டார் கை நனைப்பதில்லை. தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சரி என்று சொல்லியாயிற்று. வாயால் சொன்னதைக்கூட அப்புறம் மாற்றிப் பேசலாம், தின்ற சோற்றை மாற்ற முடியாது. ஆகவே நான் முடிவு செய்துகொண்டேன்: அவர்கள் வீட்டுக்குள் என்னைச் சேர்க்கிற வரைக்கும் அவர்கள் சாப்பாடு என் கையில் படாது.

வெறுங்கையோடும் போக முடியாது. காடாம்புலியூரில் ஒரு பலாப்பழம் வாங்கினேன். நல்ல பழம், பையை மீறி வாசம் வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் சாப்பிட ஒரு டப்பாவில் முந்திரிப்பருப்பு போட்டுப் புளிச்சோறு கட்டிக்கொண்டேன்.

"இத்தையாம்மா தூக்கிகினு வர்ற?" என்றாள், என்னைக் கூட்டிப்போக முதல்நாளே வந்திருந்த மகள்.

"ஒரு வூட்டுக்குப் போறப்ப வேற எத்தத் தூக்கிகினு போவாங்க?"

"வூட்டுக்கு எங்கம்மா போறோம்" என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பஸ் பண்ருட்டி தாண்டிய பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு ஒரு நாளு வாயத் தொறக்காம இரும்மா. எனக்காவ" என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டினேனே தவிர, வாயால் சொல்லவில்லை.

பாண்டியில் பையனும் அவன் அப்பாவும் அம்மாவும் ஓவியக் கூடத்து வாசலில் நின்றிருந்தார்கள். அப்பா வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார், பேசும்போது கைவிரலை நீட்டி நீட்டிப் பேசினார். அம்மா ஒல்லியான ஆள், அதிகம் பேசவில்லை. பலாப்பழத்தைப் பார்த்ததும் அவருடைய மூக்கு மட்டும் ஒரு தரம் விரிந்து அடங்கியது. நான் பையை நீட்டப் போனேன். அதற்குள் அப்பா, "ஐயோ, இதையெல்லாம் எதுக்கு மேடம் சுமந்துக்கிட்டு! அப்புறம் பாத்துக்கலாம்" என்று உள்ளே நடந்துவிட்டார்.

வாசலில் காவல்காரர் பையை அமுக்கிப் பார்த்தார். "ஆயா, இத்த உள்ள எடுத்துகினு போவக்கூடாது."

"ஏம்ப்பா, வெடிக்குமா?"

"வாசன வரும் ஆயா. உள்ள ஏசி."

பலாப்பழத்துக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். பித்தளை வில்லை, பதினாலாம் நம்பர். அந்த இடத்தில் எனக்குக் கிடைத்தவற்றில் உபயோகமான பொருள் அது ஒன்றுதான். முந்தானையில் முடிந்துகொண்டேன்.

உள்ளே வெள்ளைக்காரன் காலத்து வீடு. மேலே சிலுசிலு என்று காற்று. ஒரு படத்தில் பலகை முழுக்க வெள்ளை, நடுவில் ஒரு நீலக் கோடு. அப்பா அதன் முன்னால் நின்று தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, விட்டு, "மௌனம்" என்றார். எனக்கு மௌனம் தெரியவில்லை, குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்க வந்தவன் பாதியில் சாப்பாட்டுக்குப் போனது தெரிந்தது. அடுத்த அறையில் துருப்பிடித்த சங்கிலியும் சுரங்கத்தில் மண் வாரும் எந்திரப் பக்கெட்டின் இரும்புப் பல்லும் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மைன்ஸ் வாசலில் அது கிடந்தால் ஸ்கிராப். இங்கே மேலே ஒரு விளக்கு, சுற்றிலும் தொடக்கூடாது என்று கயிறு. என் வீட்டுக்காரர் அந்தப் பல்லை மாற்றுகிற கேங்கில் பாதி ஆயுசு வேலை பார்த்தார். அவருக்கு யாரும் மேலே விளக்குப் போடவில்லை.

கடைசியில் ஒரு பெரிய படம். சுரங்கம். மேலே பச்சை வயல், நடுவே மண், கீழே கன்னங்கரேலென்று கரி. குழியின் விளிம்பில் தலையில் கை வைத்து அழுகிற பெண்கள்.

"உங்க மண்ணோட கதை மேடம்" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "இந்த வலி உங்களைத் தொடலையா?"

மகள் என் முழங்கையைத் தொட்டாள். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"கரி கறுப்பா இருக்குதுங்களே."

"கரின்னா கறுப்புதானே?"

"எங்க ஊரு கரி பழுப்புங்க. வெட்டி எடுத்தப்ப பாத்தா நல்லா ஊறின மரப்பட்ட மாதிரி இருக்கும். முப்பது வருஷம் எங்க வூட்டுக்காரரு சட்டைய நான்தானே தொவச்சேன். வரைஞ்சவரு மேல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு போல."

பையன் சிரித்துவிட்டான். அவன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை. படத்தில் இருக்கிற மாதிரி அழுதீர்களா என்று அவர் கேட்டிருந்தால் அதற்கும் சொல்லியிருப்பேன். குழிக்குள் போன ஊர்களில் நான் பிறந்த ஊரும் ஒன்று. நிலம் இருந்தவர்கள் நிலத்துக்காக அழுதார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒரு காணி கிடையாது. மற்றவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், தலையில் கை வைக்க நேரமில்லை, மறுநாள் எங்கே கூலி என்று பார்க்கப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் வரையவில்லை.

அவர் கேட்டது வேறு. "பூர்விகம் எது மேடம்? ஊருக்குள்ளேயா, இல்ல…" என்று இழுத்து, பக்கத்துப் படத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்த 'இல்ல'வோடு நிற்கிற கேள்வியை நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். முழுசாகக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் படித்தவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"டவுன்ஷிப்புங்க. குவார்ட்டர்ஸு" என்றேன். எங்கள் குவார்ட்டர்ஸில் இந்தப் பக்கம் மதுரைக்காரர், அந்தப் பக்கம் தஞ்சாவூர்க்காரர், நடுவே ஒற்றைச் சுவர். ஒருவர் வீட்டில் இருமினால் மற்றவர் வீட்டில் மாத்திரை தேடுவார்கள். அங்கேயும் இந்தக் கேள்வி வரும், ஆனால் தண்ணீர் வருகிற நேரத்தில் யாருக்கும் பதில் கேட்கப் பொறுமை இருக்காது.

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார்கள். கையில் பலாப்பழம் திரும்ப வந்திருந்தது, அதற்கு ஒரு நாற்காலி போட்டேன். இந்த ஊரின் பழைய கைப்பக்குவம் என்று சொல்லி அப்பா ஒரு மீன் குழம்பு வரவழைத்தார். அதற்கு மெனு அட்டையில் பிரெஞ்சுப் பெயர். மூடியைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெங்காய வடகம்! சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நான் உருட்டி உருட்டிக் காயப்போடுகிற அதே வடகம், காக்காய்க்குப் பயந்து குச்சியோடு உட்கார்ந்து காவல் காக்கிற அதே வடகம். அது பாண்டிக்கு வந்து பெயரை மாற்றிக்கொண்டு வெள்ளைத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. காலையில் பஸ் ஸ்டாண்டில் காப்பியும் ஒரு பன்னும் சாப்பிட்டதுதான்.

"சாப்பிடுங்க மேடம்."

"எனக்கு சனிக்கெழம வெரதங்க" என்றேன்.

மகள் குனிந்து என் காதில், "ஸ்பூன்ல சாப்புடும்மா. கை நனையாது" என்றாள். எந்தச் சட்டத்திலும் ஓட்டை கண்டுபிடிக்கிற பிள்ளை. ஸ்பூனைத் தள்ளி வைத்தேன்.

அப்போது பையனின் அம்மா, "எனக்கும் வேணாம். இன்னிக்கு சஷ்டி" என்றார்.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும், அதுவும் விரல் வைத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் தினமும் காலண்டர் தாளைக் கிழிப்பது வீட்டில் என் வேலை. சஷ்டி முந்தாநாளே முடிந்துவிட்டது. பொய். எதற்காகப் பொய்? நான் உட்கார்ந்த மேசையில், என் எதிரே சாப்பிட அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? வீட்டுக்குள் விடாத அப்பா, உடன் உட்கார்ந்து உண்ணாத அம்மா. போதும் என்று நினைத்தேன். தண்ணீரை மட்டும் குடித்தேன். அந்த அம்மாவும் தண்ணீர் குடித்தார். நடுவே மற்ற மூவரும் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் மீன் முள்ளைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் கச்சேரி முடிந்ததும் மகளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பையன் தன் தட்டிலிருந்த முள்ளில்லாத துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் பார்க்காத மாதிரி சாப்பிட்டாள். எனக்கு அதற்கு மேல் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

கச்சேரி கடற்கரைக்குப் பக்கத்தில், ஒரு பழைய பங்களாத் தோட்டத்தில். வெயில் இன்னும் முழுசாகத் தாழவில்லை. ஒருத்தர் தவில், ஒருத்தர் கிதார், ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு பாட்டு. பாட்டு என்றால் வார்த்தை வரவில்லை. ஆ என்று தொடங்கி ஆ என்றே போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஷிப்ட் சங்கும் இப்படித்தான் கூவும், ஆனால் அது நின்றதும் ஆட்கள் வேலைக்குப் போவார்கள். இங்கே யாரும் அசையவில்லை. அப்பா தொடையில் தாளம் போட்டார். தவில்காரர் ஒரு பக்கம் போனார், இவர் இன்னொரு பக்கம் போனார், இருவரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யவில்லை.

பையனும் மகளும் முன்வரிசையில் இருந்தார்கள், அப்பா அவர்களுக்குப் பக்கத்தில். நானும் அந்த அம்மாவும் கடைசி வரிசையில், எங்களுக்கு நடுவில் பலாப்பழம்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனது ஆகட்டும் என்று மடியில் புளிச்சோற்று டப்பாவை வைத்து மூடியைத் திறந்தேன். அந்த அமைதியில் அது 'டபார்' என்றது. நாலு தலை திரும்பியது. பக்கத்தில் ஒரு முழுங்கல் சத்தம். பார்த்தால், அந்த அம்மா என் டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நல்ல எண்ணத்தில் நான் நீட்டவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டு, அதையே சாக்காக வைத்து எழுந்து போகலாம் என்றுதான் நீட்டினேன்.

"எடுத்துக்குங்க. எங்க வூட்டுச் சோறு."

அவர் கை வந்தது. பாதியில் நின்றது. "நனைக்கலாமாக்கா?" என்றார் கிசுகிசுப்பாக.

"என்னாது?"

"கையி. நீங்க இன்னும் ஒரு வார்த்த சொல்லலியே. பொண்ணு வூட்ல சரின்னு சொல்றதுக்கு முன்ன நான் எப்புடிக்கா சோத்துல கை வெக்கறது? நானும் உங்க பக்கந்தான், மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. எங்கம்மா கேட்டா தோல உரிச்சிடும்."

நான் டப்பாவை மடியில் இறக்கி வைத்தேன். "சஷ்டின்னு சொன்னீங்க?"

"நீங்க சனிக்கெழமன்னு சொன்னீங்களே. காலையில பன்னு சாப்ட்டீங்கன்னு உங்க பொண்ணு சொல்லிடுச்சி. பன்னு சாப்புடற வெரதம் எங்க ஊர்ல கெடையாதுக்கா." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மத்தியானம் அந்த வடக வாசனையில எனக்கு உசுரே போயிடுச்சி."

முன்வரிசையிலிருந்து அப்பா திரும்பி உதட்டில் விரல் வைத்தார். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி குனிந்துகொண்டோம். பள்ளிக்கூடத்தில் உட்காராதவள் நான், அந்தச் சுகம் எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "வூட்டுக்கு ஏன் கூப்புடல?"

அவர் சிரிப்பு நின்றது. மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை. "வூட்ல மாமியாரு இருக்குதுக்கா. தொண்ணூறு வயசாவப் போவுது. யாரு வந்தாலும் மொத கேள்வி எந்த ஊரு, ரெண்டாங் கேள்வி எந்தத் தெரு. அதக் கேட்டுடும்னு அவருக்கு பயம். நீங்க பதில் சொல்லிடுவீங்கன்னு அதுக்கு மேல பயம்."

"உங்களுக்கு?"

"எனக்குப் பசிக்கா."

டப்பாவை மூடினேன். மறுபடியும் 'டபார்'.

"அப்ப இங்க வேணாம். மரத்தடியில நனைச்சா அதுக்குப் பேரு சம்பந்தமா? உங்க வூட்ல சோறு இருக்குதா?"

"மத்தியானம் வடிச்சது இருக்குது. ரசம் வெச்சிடுவேன்."

"அப்ப எழுந்திருங்க."

அவர் ஒரு நிமிஷம் மேடையைப் பார்த்தார், புருஷன் முதுகைப் பார்த்தார். பிறகு பலாப்பழப் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மற்றக் காதை நான் பிடித்துக்கொண்டேன். பாடுகிற பெண் இன்னும் அந்த 'ஆ'விலேயே இருந்தாள். நாங்கள் நடுவழியாகப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மகள், பையன், கடைசியாக அப்பா. "எங்கே? எங்கே போறீங்க? இனிமேதான் முக்கியமான உருப்படி!" என்று அவர் கேட்டது தோட்டத்துக்கே கேட்டிருக்கும். அவரை மட்டும் யாரும் உதட்டில் விரல் வைத்து அடக்கவில்லை.

"சம்பந்தியம்மா வூட்டுக்கு வர்றாங்க" என்றார் அவர் மனைவி, நிற்காமல்.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. காலையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்திருக்கிறது.

கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிழவி. கண் மங்கல், காது மட்டும் கூர்மை. "யாரது?" என்றார்.

"பொண்ணு வூட்டுக்காரங்க அத்த."

"எந்த ஊரு?"

அப்பா என்னை முந்திக்கொண்டு, "நெய்வேலிம்மா, டவுன்ஷிப், குவார்ட்டர்ஸ்…" என்றார்.

"அது கட்டுன ஊருடா. சொந்த ஊரு கேக்குறேன். எந்தத் தெரு?"

மகள் தரையைப் பார்த்தாள். பையன் அவள் பக்கத்தில் வந்து நின்றான், அதைக் கவனித்துக்கொண்டேன். அப்பாவின் முகம் அன்றைக்குப் பார்த்த அந்த வெள்ளைப் பலகை மாதிரி இருந்தது, நீலக் கோடு மட்டும் இல்லை.

நான் போய்க் கிழவியின் எதிரே நின்றேன். "ஊரே மைன்ஸுக்குப் போயிடுச்சிங்க ஆயா. ஊர்த் தெருவும் போச்சி, தள்ளி இருந்த எங்க காலனித் தெருவும் போச்சி. இப்ப ரெண்டும் ஒரே குழியில கெடக்குது. எது மேல, எது கீழன்னு எறங்கிப் பாத்தாத்தான் தெரியும்."

கிழவிக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது, தாடை ஒரு தரம் அசைந்து நின்றது. அடுப்படியில் ரசத்துக்குத் தாளிக்கிற சத்தம் கேட்டது. நான் உட்காரவும் இல்லை, திரும்பவும் இல்லை. கிழவி மூக்கை உறிஞ்சினார்.

"பலாப்பழமா?"

"ஆமாங்க. காடாம்புலியூரு."

"நிக்க வெச்சிட்டு என்னாத்தப் பாத்துகினு இருக்கற?" என்று கிழவி மகனைப் பார்த்துச் சொன்னார். "எலையப் போடச் சொல்லு."

பெரிய மனசு என்று நான் சொல்ல மாட்டேன். பழத்தின் வாசமாகவும் இருக்கலாம். இலையில் சோறு விழுந்தது. நான் இந்தப் பக்கம், சம்பந்தியம்மா எதிரில். இருவரும் ஒரே நேரத்தில் ரசத்தில் கை வைத்தோம். மகள் தூணோடு சாய்ந்து நின்று எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினேன். ரசத்தில் உப்புக் குறைவு. அதைப் பிறகு ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பழத்தை அறுக்கச் சொல்லிக் கிழவி அவசரப்படுத்தினார். அப்பா ஜிப்பாக் கையை மடித்துக்கொண்டு அரிவாள்மணை முன் உட்கார்ந்தார். கைக்கு எண்ணெய் தடவிக்கொள்ளவில்லை. முதல் வெட்டிலேயே பால் வழிந்தது. காலையிலிருந்து நீட்டி நீட்டிக் காட்டிய விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் பார்த்தார், ஜிப்பாவும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று மகள் பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்தாளே. அவள் பேச்சை அப்போது காப்பாற்றினேன்.